பெட்டியின் அடியில் ஓலை மணிக்கூடு

சென்ற மாதம் சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். பனையோலைப் பெட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் நிலையத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள். கெட்டிக்காரி. சந்தேகம் வந்தால் மட்டும் அழைப்பாள், சுகம் விசாரிக்க அழைக்கமாட்டாள். அந்தக் குணம் எனக்கும் இருந்தபடியால் நான் கோபிப்பதில்லை.

வெளிநாட்டில் சட்டம் மறுபடியும் மாறிவிட்டதாம். தாவரத்தில் செய்த எந்தப் பொருளானாலும் அதன் ஒவ்வொரு பாகத்தையும் இன்னது, இதற்காக என்று விவரித்து எழுத வேண்டுமாம். பெட்டிக்கு உள்ளே, அடியில் ஒரு சதுர முடிச்சு இருக்கிறதல்லவா, அது எதற்கு என்று கொள்வனவுக்காரர் கேட்டிருக்கிறார். சுகந்திக்கும் தெரியவில்லை. இழைக்கிற பெண்களைக் கேட்டால், பழகும்போதே அப்படித்தான் பழகினோம் என்கிறார்களாம். அதை விட்டுவிட்டால் பெட்டிக்கு அரை மணித்தியாலம் மிச்சம், விடட்டுமா தவம் அக்கா என்று கேட்டாள்.

நான் பொறு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தைமாதம் நான் அச்சுவேலியில் அந்த நிலையத்தில் சேர்ந்தேன். உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், வீட்டில் எல்லோருடனும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம். அம்மாதான் என் வாயிலிருந்து தப்புவதற்காக வேலைக்கு அனுப்பினார் என்று நினைக்கிறேன். கழுவிய குருத்தோலைக்கும் கழுவாததற்கும் வித்தியாசம் பிடிபட எனக்குப் பல மாதம் சென்றது. அதற்குள் ஆடிமாதம் வந்தது. அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக் கடைகள் எங்களிடம் வாங்குவதை நிறுத்தின. உல்லாசப் பயணிகளும் வரவில்லை. களஞ்சியத்தில் பெட்டிகள் முகடுமுட்ட அடுக்கியிருந்தன.

நிலையத்தை நடத்தியவர் கிரேஸ் மிஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, கல்யாணம் கட்டாமல் இருந்தவர். ஒரு நாளும் சத்தம் போடமாட்டார். பெட்டிகள் வந்து இறங்கும் நாளில் நீள மேசையின் ஒரு பக்கத்தில் அவர் நிற்பார், மறு பக்கத்தில் இழைத்த பெண்கள் நிற்பார்கள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து முதலில் மணந்து பார்ப்பார். ஈரவாடை இருந்தால் போகிற வழியில் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். கடைசியாக, கிழிந்த பட்டுச்சேலைத் துண்டொன்றை விளிம்பெல்லாம் ஓடவிடுவார். ஓலைச் சிராய் இருந்தால் பட்டு இழுபடும். எல்லாம் சரியென்றால் பெட்டியை நிமிர்த்தி வைப்பார். சரியில்லையென்றால் கவிழ்த்து வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கவிழ்ந்த பெட்டியை யாரும் நிமிர்த்துவதில்லை. அதற்குரியவள் எடுத்துக்கொண்டு போய்ப் பிழை தேடித் திருத்திக்கொண்டு வருவாள். என்னைப்போல வாய்க்காரிக்கு அந்த மௌனம் முதலில் பெரிய தண்டனையாக இருந்தது. பிறகு அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்றாகிவிட்டது.

ஒல்லாந்தில் சிறிய கடை வைத்திருந்த ஓர் அம்மாவை மிஷன் சபையார் மூலமாகக் கண்டுபிடித்தவர் மிஸ்தான். மாதிரிக்குக் கொஞ்சம் அனுப்பினோம். அந்த அம்மா இன்னும் கேட்டார். அப்படித்தான் நாங்கள் ஏற்றுமதிக்காரர் ஆனோம், வேறு வழியில்லாமல். எங்களை நம்பியிருந்த இருபதுக்கு மேற்பட்ட வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த ஒரே ஒரு கடையால்தான்.

அந்தக் கடைக்கு மிகவும் பிடித்தது கொடிகாமத்துப் பொன்னு அக்காவின் மூடிப்பெட்டிகள். இரட்டைச் சுவர்ப் பெட்டி அது. உள்ளே ஒரு படை, வெளியே ஒரு படை. தூக்கினால் பாரம் தெரியாது, ஏறி இருந்தாலும் நெளியாது. பொன்னு அக்காவின் பெட்டி மிஸ்ஸின் மேசையில் ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் கெப்பரும் உண்டு. தன்னுடைய பெட்டி முறை வரும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

பொன்னு அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். புதுச் சுளகோ பெட்டியோ யாருக்கும் கொடுத்தால் ஒரு பிடி நெல்லோ அரிசியோ போட்டுத்தான் கொடுப்போம். அக்கா அதை ஒல்லாந்துக்கும் செய்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாலைந்து நெல்மணி. தன்னுடைய வயலில் விளைந்த மொட்டைக்கறுப்பன் நெல். மிஸ் கண்டும் விட்டுவிட்டார். நான்தான் ஆர்வக்கோளாறில், எங்கள் நாட்டில் வெறும் பெட்டி கொடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு அட்டை ரைப் பண்ணி உள்ளே போட்டேன். கடைக்கார அம்மா உருகிப்போனார். அந்த நெல்லையெல்லாம் ஒரு கண்ணாடிப் போத்தலில் சேர்த்துக் கடை மேசையில் வைத்திருப்பதாக எழுதினார். அந்தக் கடிதத்தை நாங்கள் ஒருவர் மாறி ஒருவர் வாசித்து வாசித்துக் கிழித்தே விட்டோம்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்தேவி ரயில் இல்லை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. சாயம் வருவதும் நின்றது, ஏனென்றால் அதுவும் அரசாங்கம் தடைசெய்த இரசாயனம். சாயமில்லாத ஓலை நிறம்தான் இப்போது எங்கள் நாகரிகம் என்று மிஸ் கூசாமல் ஒல்லாந்துக்கு எழுதினார். அவர் சொன்ன ஒரேயொரு பொய் அதுவாகத்தான் இருக்கும். கட்டிய பொதி எதுவும் சோதனைச் சாவடியைத் தாண்டாது என்ற நிலை வந்தது. சின்னராசா அண்ணை என்றொரு சைக்கிள் வியாபாரி கிளாலியால் கடலேரி தாண்டி வவுனியாவுக்குப் போய்வருவார். அவர் பெட்டிகளைத் திறந்தபடி அடுக்கிக் கொண்டுபோவார். சாவடியில் ஒவ்வொன்றாகக் காட்டி, அங்கே இருந்து மறுபடி அடுக்கி, கொழும்பில் சபையாரிடம் சேர்ப்பார். பொதிக்குள் திணிக்கக் கடதாசியும் பிரச்சினை. இங்கே அச்சடித்த பத்திரிகையைக் கண்டால் சாவடியில் கேள்வி வரும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பழைய சோதனை விடைத்தாள்களைத்தான் கசக்கித் திணித்தோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அட்சரகணிதப் பிழைகள் எல்லாம் ஒல்லாந்து போய்ச் சேர்ந்தன.

இவ்வளவையும் சமாளித்த எங்களை விழுத்தியது நெல்.

தொண்ணூற்றிரண்டோ மூன்றோ, கொழும்பிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் கையில் ஒல்லாந்து அம்மாவின் கடிதம் வந்தது. அங்கே நாடுகளெல்லாம் சேர்ந்து எல்லைகளை எடுத்துவிட்டு, தாவரப் பொருட்களுக்கு ஒரே சட்டமாக இறுக்கிவிட்டார்களாம். விதை, மண், வைக்கோல் எதுவும் உள்ளே வரக்கூடாது. துறைமுகத்தில் எங்கள் பெட்டிகளைத் திறந்தவர்கள் நெல்லைக் கண்டு முழுப் பொதியையும் எரித்துவிட்டார்கள். இன்னொரு தடவை ஒரு விதை அகப்பட்டாலும் அவருடைய இறக்குமதி அனுமதி போய்விடும். கடைசி வரியில் அவர் தன் மேசையிலிருந்த போத்தலையும் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். மிஸ் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பின்னேரம் வரைக்கும் ஜன்னலடியில் இருந்தார்.

அடுத்த நாளே புது முறை தொடங்கியது. மேசையில் வெள்ளை வேட்டி விரித்தோம். ஒவ்வொரு பெட்டியையும் வெயிலில் நாலு பக்கமும் காயவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் இழை இழையாகத் தட்டி, வேட்டிக்கு மேலே கவிழ்த்து உதற வேண்டும். வேட்டியில் ஏதாவது விழுந்தால் அந்தப் பெட்டி மறுபடியும் வெயிலுக்குப் போகும். இழைக்கிற எல்லோருக்கும் சொல்லியனுப்பினோம், பெட்டிக்குள் ஒன்றும் போடக்கூடாது என்று. பொன்னு அக்காவுக்கு நானே இரண்டு தடவை சொல்லியனுப்பினேன்.

அவருடைய பெட்டிகள் கொடிகாமத்திலிருந்து மரக்கறி கொண்டுவருபவர்களின் சைக்கிளில் வந்தன. வேட்டியில் உதறினோம். ஒன்றும் விழவில்லை. நான் அடுக்கத் தொடங்கினேன். மிஸ் ஒரு பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக ஆட்டினார். பிறகு என்னிடம் தந்தார். ஆட்டினேன். உள்ளே, சுவருக்குள், கிலுகிலுவென்று ஒரு சின்னச் சத்தம். அடியில் வெளியே இருந்த படையை வெட்டிப் பார்த்தோம். இரண்டு படைக்கும் இடையில், பத்திரமாக, நாலு மொட்டைக்கறுப்பன். எல்லாப் பெட்டியிலும் அதே சத்தம்.

சின்னராசா அண்ணை புறப்பட இன்னும் பத்து நாள்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மிஸ், விடிந்ததும் சைக்கிளை எடும், கொடிகாமம் போவோம் என்றார். ஐம்பத்தைந்து வயதில் பாவாடைச் சட்டையோடு அந்தத் தூரத்தை மிதித்தார் அவர். பின் கரியரில் ஒரு பெட்டி. பள்ளங்களில் சைக்கிள் விழுந்தெழும்பும் போதெல்லாம் அது கிலுகிலுத்தது.

பொன்னு அக்கா முற்றத்தில் ஓலையைக் கீற்றாக வார்ந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பாய் போட்டார், தண்ணீர் தந்தார், வெயிலைப் பற்றிக் கேட்டார். வந்த காரணம் அவருக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது. மிஸ் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை எடுத்துப் பாயில் அக்காவுக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார்.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி நிமிர்த்தி வைத்தார்.

பத்து வருடத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் மிஸ் கண்ணாலேயே அடக்கினார்.

"வேண்டாமெண்டு சொல்லிவிட்டனான்தானே, பொன்னு."

"ஓம் மிஸ். உள்ளுக்குப் போடவேண்டாமெண்டு சொன்னனீங்கள். நான் உள்ளுக்குப் போடேல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மிஸ் எரிந்துபோன பொதியைப் பற்றி, அந்தக் கடை போனால் இருபது வீட்டுக்கும் என்னவாகும் என்பதைப் பற்றி ஆறுதலாகச் சொன்னார். அக்கா தனக்கும் அது விளங்கும் என்றார். எழும்பி உள்ளே போய் ஒரு நீலக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய ஒரே மகன் நேசன் எண்பத்து நாலில் ஜேர்மனிக்குப் போனவன். போய்ச் சேர்ந்து எழுதிய கடிதம் அது. முகாமில் இருக்கிறேன், வேறிடத்துக்கு மாற்றப் போகிறார்கள், விலாசம் கிடைத்ததும் எழுதுகிறேன் என்று நாலு வரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அக்கா அவனைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் கதைத்ததில்லை.

"ஒல்லாந்துக்குப் பக்கத்திலைதானே ஜேர்மனி. எங்கையாவது ஒரு கடையிலை என்ரை பெட்டியைக் கண்டு, கையிலை எடுத்துப் பாக்கமாட்டானே? பெட்டி ஆரும் இழைப்பினம். ஆனா மொட்டைக்கறுப்பன் நெல்லைக் கண்டா அவனுக்குத் தெரியும், இது எங்கடை வயல் நெல்லெண்டு. அவன் விதைச்ச வயல் மிஸ் அது."

என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. ஒல்லாந்து எங்கே, ஜேர்மனி எங்கே, எத்தனை கடை, எத்தனை தெரு என்று நான் சொல்லியிருக்கலாம். மிஸ் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். நெல்லுக்குப் பதிலாக எதைப் போடலாம் என்று மூன்று பேரும் இருந்து யோசித்தோம். உப்பு போட்டால் ஈரம் இழுத்து ஓலை கறுக்கும். மஞ்சள் துண்டு கிழங்கல்லவா, முளைக்கும். திருநீறு போட்டால் இது என்ன தூள் என்று சாவடியில் சின்னராசா அண்ணையை இருத்திவிடுவார்கள். வயல் மண் ஒரு சிட்டிகை என்றார் அக்கா, மண்ணும் கூடாது என்றேன் நான். அங்கே மனுசர் எதைத்தான் பிள்ளை உள்ளே விடுகிறார்கள் என்று அக்கா கேட்டார்.

மிஸ்தான் கேட்டார், நேசன் சின்னவனாக இருக்கும்போது நீர் அவனுக்கு ஓலையில் என்ன செய்து குடுத்தனீர் என்று. காற்றாடி, கிளி, கிலுக்கு என்று அக்கா சொல்லிக்கொண்டு போனார். கையில் கட்ட மணிக்கூடு வேண்டுமென்று ஒருமுறை மூன்று நாள் அழுதானாம். வாங்க வழியில்லை. ஓலையில் மணிக்கூடு முடிந்து கையில் கட்டிவிட்டாராம். பள்ளிக்கூடத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் போவான். வாடிப்போனால் மறுநாள் புதிது. எல்லாத் தாய்மாரும் முடிவது சதுர முடிச்சு. இவனுக்கு மட்டும் அதன் நடுவே ஓர் ஓலையைக் குறுக்கே கொழுவிவிடுவாராம், முள் வேண்டும் என்று அவன் கேட்டபடியால்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை ஒரு குருத்தை எடுத்து முடிந்துகொண்டிருந்தது. அதை மிஸ்ஸிடம் நீட்டினார். மிஸ் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். தனியாகப் போட்டால் தனிப் பொருளாகிவிடும், அடியோடு சேர்த்து இழைத்தால் அது பெட்டியிலேயே ஒரு பாகம், ஓலையில் ஓலை என்றார். பட்டுத்துண்டைப் பையிலிருந்து எடுத்து அந்த முடிச்சின் மேல் ஓடவிட்டார். இழுபடவில்லை.

"இனி வெறும் பெட்டியில்லை, பொன்னு."

அக்கா பெட்டியை வாங்கி மடியில் வைத்தார். பிறகு, இதைக் கண்டால் அவனுக்கு இன்னும் கெதியாய்த் தெரியும் என்றார்.

மிஸ் அன்றே திரும்பிவிட்டார், நான் ஒரு கிழமை கொடிகாமத்தில் நின்றேன். அடியைப் பிரித்து, நெல்லை எடுத்து, மணிக்கூடு வைத்து மறுபடி இழைத்தார் அக்கா. அயலில் இருந்த நாலைந்து பெண்களும் வந்து முடிச்சைப் பழகிக்கொண்டார்கள். எடுத்த நெல்லை நான் ஒரு சிரட்டையில் சேர்த்தேன். பகல் முழுக்க மாமரத்தின் கீழே ஓலை வாரும் சத்தம், பெண்களின் பகிடி, அக்கா அவிக்கும் மரவள்ளிக் கிழங்கு. வானத்தில் விமானம் இரைந்தால் பதுங்குகுழிக்குள் ஓடுவோம், இரைச்சல் அடங்கியதும் வந்து விட்ட இடத்திலிருந்து இழைப்போம். அந்தக் காலத்துக்காக யார் ஏங்குவார்கள் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் ஏங்குகிறேன். அந்த ஒரு கிழமையைத் திருப்பித் தந்தால், விமானத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வேன்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. சாவடியில் ஒரு சிப்பாய்ப் பொடியன் மூடியைத் திறந்து முடிச்சைக் கண்டுவிட்டு, தன் மணிக்கட்டைத் தொட்டுக்காட்டிச் சிரித்தானாம். அவனுடைய ஊரில் தென்னோலையில் செய்வார்களாக்கும் என்று சின்னராசா அண்ணை சொன்னார். ஒல்லாந்திலும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த அம்மா, அடியில் உள்ள அலங்காரம் அழகாக இருக்கிறது, எல்லாப் பெட்டியிலும் வைக்கமுடியுமா என்று கேட்டு எழுதினார். அன்றிலிருந்து இருபது வீட்டுப் பெண்களும் பொன்னு அக்காவின் மகனுக்கு மணிக்கூடு முடிந்தார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மழையில் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்து நகரும்போது மிஸ்ஸின் தலையில் இருந்தது அவருடைய உடுப்புப் பெட்டி அல்ல, அனுப்பத் தயாராக இருந்த கடைசிப் பொதி. நான் ஏசினேன். பாரமில்லைத்தானே தவம் என்றார். கொடிகாமத்தில் பொன்னு அக்கா வீட்டில் ஏற்கெனவே ஐந்து குடும்பம். எங்களுக்கும் இடம் பண்ணினார். பொதியைப் பிரித்து, வந்திருந்த குடும்பங்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தோம், அரிசி போட, சீனி போட, மருந்து போட. ஏற்றுமதித் தரம், கவனமாகப் பாவியுங்கள் என்று நான் பகிடி விட்டேன். பொன்னு அக்கா மட்டும் ஒவ்வொரு பெட்டியையும் கொடுக்குமுன் மூடியைத் திறந்து, விரலால் அடியைத் தடவிவிட்டுக் கொடுத்தார். அங்கே போகவேண்டிய மணிக்கூடுகள் இங்கேயே நின்றுவிட்டன என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சில மாதங்களில் நாங்கள் அச்சுவேலிக்குத் திரும்பினோம். மிஸ் கொழும்புக்குப் போய், அங்கேயே காலமானார். நிலையத்தை மறுபடி திறந்து, பெட்டியை மணந்து பார்த்து, கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து, நான் ஓய்வுபெறும் வரைக்கும் அந்த மேசையில் நின்றேன். மௌனம் மட்டும் எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஓய்வுக்கு முதல் வருடம் பொன்னு அக்காவும் போய்ச் சேர்ந்தார். நேசனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாது.

அச்சுவேலிக்குத் திரும்பக் கொடிகாமத்திலிருந்து புறப்பட்ட அன்று அக்கா எனக்கு ஒரு பெட்டி தந்தார். தூக்கும்போது பாரமாக இருந்தது. திறந்தேன். கழுத்து வரைக்கும் மொட்டைக்கறுப்பன்.

"நீ ஒல்லாந்துக்குப் போகேல்லைத்தானே பிள்ளை. உனக்கு ஒரு சட்டமும் இல்லை."

சுகந்தி, உன்னுடைய கேள்விக்குப் பதில் இதுதான். அது அடிப்பாகத்தைச் சேர்ந்தது, பனையோலையால் ஆனது என்று எழுது. எதற்காக என்ற இடத்தில் அலங்காரம் என்று போடு, அதற்குமேல் அவர்களுக்கு விளங்காது. அரை மணித்தியாலம் போனால் போகட்டும். நேசனுக்கு இப்போது அறுபது வயதாகியிருக்கும். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கடையில் அவன் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து மூடியைத் திறக்கக்கூடும். திறந்தால் அடியில் அவனுடைய மணிக்கூடு இருக்கவேண்டும்.